கழற்றிய இறக்கை எங்கே போகிறது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் வைத்திருக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஆண்டுதோறும் இங்கே பேசப்படும் பொருள் இந்த வட்டாரத்துக்குப் பயன்பட வேண்டும். அதை மதித்தே காற்றாலை இறக்கைகளைப் பேசுபொருளாக எடுத்துக்கொண்டேன். கோபுரத்திலிருந்து கழற்றித் தரையில் கிடத்திய பிறகு அவை என்ன ஆகின்றன, என்ன ஆக வேண்டும் என்பதே என் பேச்சு.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் ஆரல்வாய்மொழியையும் முப்பந்தலையும் கடந்துதான் போகிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்கில் புகுந்து வேகமெடுக்கும் இடம் அது. இதே பலன் செங்கோட்டைக் கணவாய்க்கும், கம்பம் பள்ளத்தாக்குக்கும், பாலக்காட்டுக் கணவாய்க்கும் உண்டு. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் எந்திரங்களை நிறுத்திச் சோதனையாகத் தொடங்கிய வேலை, இன்று தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 1990களில் இதற்குப் பெரிய உந்துதல் கொடுத்தது வருமான வரிச் சலுகை. எந்திரத்தின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். கோவை, திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகள் தங்கள் மின்தேவைக்கும் வரிக்கணக்குக்கும் சேர்த்து ஆளுக்கு இரண்டு, ஆளுக்குப் பத்து என்று வாங்கி நிறுத்தின. இந்த வரலாற்றை ஒரு காரணத்துக்காகச் சொல்கிறேன். நம் பழைய காற்றாலைகளுக்கு உரிமையாளர்கள் ஒருவர் இருவர் அல்லர். சிதறிக் கிடக்கும் பல நூறு பேர். இறக்கைச் சிக்கலின் பாதி அங்கேதான் இருக்கிறது.

அந்த எந்திரங்களுக்கு இப்போது 25, 30 வயது. நல்ல காற்று வீசும் இடத்தையெல்லாம் அவை பிடித்துக்கொண்டு 225, 250 கிலோவாட் கொடுத்து நிற்கின்றன. அதே இடத்தில் இன்று 2, 3 மெகாவாட் எந்திரம் நிற்கலாம். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை நிறுத்துவதற்கு மத்திய அரசு 2016இல் ஒரு கொள்கை வகுத்து 2023இல் அதைத் திருத்தியது. தமிழ்நாடு அரசு 2024இல் தனிக் கொள்கை வெளியிட்டது. ஆகவே இனி வரும் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான இறக்கைகள் கீழே இறங்கப் போகின்றன. எந்திரத்தில் மற்றவை எல்லாம் விலை போய்விடும். கோபுரம் எஃகு, கியர் பெட்டி வார்ப்பிரும்பு, ஜெனரேட்டரில் செம்பு. பழைய இரும்பு வியாபாரி கேட்டு வாங்கிப் போவார். மொத்த எடையில் 85 முதல் 90 விழுக்காடு இப்படி மறுபயனுக்குப் போகிறது. அவர் தொடாமல் விட்டுப் போவது இறக்கையை.

ஏன் தொடுவதில்லை என்பது ஒன்றை அறுத்துப் பார்த்தால் தெரியும். அந்தக் காலத்தில் இங்கே அதிகம் நிறுத்தப்பட்ட 225 கிலோவாட் எந்திரத்துக்குச் சுழலியின் விட்டம் 27 மீட்டர். இறக்கை ஒன்று சுமார் 13 மீட்டர். மேலே வெள்ளைப் பூச்சு. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் முன்விளிம்பில் மட்டும் மழைத்துளியும் மணலும் அடித்து அடித்துப் பூச்சு போய், உள்ளிருக்கும் துணியின் இழை தெரியும். அந்தத் துணிதான் கண்ணாடி இழை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ரெசின் ஊற்றி இறுகவைத்த பாளங்கள். பல இறக்கைகளில் இரு பாளங்களுக்கு நடுவே பால்சா மரக்கட்டையோ நுரைப் பலகையோ வைத்திருப்பார்கள். எடை குறைவாகவும் விறைப்பு அதிகமாகவும் இருக்க அது உதவும். உட்புறம் குழிவு; நடுவில் நீளவாக்கில் ஒரு முதுகெலும்பு; விளிம்புகளைச் சேர்த்து ஒட்டிய பசை; அடிப்பகுதியில் கோபுரத் தலையோடு பூட்டும் எஃகு போல்டுகள்; மின்னலைத் தரைக்கு இறக்கும் உலோகக் கம்பி. இத்தனையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக ஒட்டிக் கிடக்கின்றன. 25 ஆண்டு ஆடிக்காற்றிலும் பிரியக்கூடாது என்று செய்ததல்லவா? நம் தேவைக்கு மட்டும் பிரிந்து கொடு என்றால் கொடுக்காது.

பிரிய மறுப்பவற்றில் முதன்மையானது ரெசின். பிளாஸ்டிக்கில் இரு வகை. ஒன்று வெல்லம் போல, சூடு காட்டினால் உருகும், ஆறினால் மீண்டும் கட்டியாகும். மற்றது வெந்த இட்லி போல. அதை மறுபடி மாவாக்க முடியாது. குடமும் பையும் முதல் வகை. எப்பாக்சி, பாலியெஸ்டர் ரெசின்கள் இரண்டாம் வகை. இறுகவைக்கும் ஹார்டனர் சேர்ந்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து ஒரே வலையாகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு சூடேற்றினாலும் உருகாது, கருகத்தான் செய்யும்.

கருகட்டுமே, கண்ணாடி மிஞ்சுமே என்று தோன்றும். பொருளறிவியல் ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் செய்யும் ஒரு சோதனை இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. இறக்கைப் பாளத்தில் விரலளவு துண்டு ஒன்றை வெட்டி, எடை போட்டு, பீங்கான் கிண்ணத்தில் வைத்து, 600 டிகிரி செல்சியஸ் அளவில் மின்சூளையில் சுட வேண்டும். முதலில் கரும்புகை வரும். சில மணி நேரம் கழித்துத் திறந்தால் கிண்ணத்தில் வெள்ளைவெளேரென்று துணி இருக்கும். இடுக்கியால் ஒவ்வொரு அடுக்காகப் பிரித்தெடுக்கலாம். எந்த அடுக்கு நீளவாக்கில் போனது, எது சாய்வாகப் போனது என்று எண்ணிச் சொல்லலாம். எடை பார்த்தால் முன்பு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் மிஞ்சியிருக்கும். அப்பாடா, கண்ணாடி கிடைத்துவிட்டது என்று எடுத்து விரலிடையே தேய்த்தால் பொடிந்து உதிர்ந்துவிடும். துணி இருக்கிறது, வலு இல்லை.

வலு எங்கே போயிற்று? மணல், சுண்ணாம்பு, அலுமினா, போரான் சேர்மம் இவற்றைக் கலந்து உருக்கி, பிளாட்டினம் உலோகக் கலவையாலான தட்டின் நுண்துளைகள் வழியாக இழுத்தெடுப்பதுதான் கண்ணாடி இழை. பருமன் 10 முதல் 20 மைக்ரான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிது. இழுத்த கணத்திலேயே அதன்மேல் ஒரு மெல்லிய வேதிப்பூச்சு பூசுவார்கள். இழையின் மேற்பரப்பைக் கீறலிலிருந்து காப்பதும், ரெசினோடு பிடித்துவைப்பதும் அந்தப் பூச்சுதான். சூளைச் சூட்டில் பூச்சு எரிந்துபோகிறது. கண்ணாடியின் மேற்பரப்பும் பழுதாகிறது. பாதிக்கு மேல் வலு போய்விடும். இந்த இழப்பை வேதிச் சிகிச்சையால் மீட்க ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகளாக உழைத்து வருகிறார்கள். ஆனால் சந்தைக் கணக்கு இரக்கமற்றது. புதுக் கண்ணாடி இழை மலிவு. சுட்டு எடுத்து, சிகிச்சை செய்து, வலு குறைந்த இழையை அதே விலைக்குக் கொடுத்தால் யார் வாங்குவார்கள்? இதற்கு மாறாக, கார்பன் இழை பல மடங்கு விலை என்பதால் அதை மீட்டெடுத்து விற்கும் தொழில் ஓரளவு நடக்கிறது.

இப்படிப் பயனில்லை என்று கண்டவர்கள் உலகெங்கும் முதலில் செய்தது புதைப்பது. அமெரிக்காவில் வையோமிங் மாநிலத்தின் காஸ்பர் நகரக் குப்பைக் கிடங்கில் இறக்கைகளை மூன்றாக அறுத்து வரிசையாக அடுக்கி மண் தள்ளிய படங்கள் 2020இல் வெளிவந்தபோது உலகமே பேசியது. ஜெர்மனி, ஆஸ்திரியா, நெதர்லாந்து, பின்லாந்து ஆகிய நாடுகள் இத்தகைய பொருளைப் புதைக்கத் தடை விதித்தன. ஐரோப்பியக் காற்றாலைத் தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பே 2021இல் கண்டம் முழுக்கத் தடை வேண்டும் என்று கேட்டது. எனக்கு அது முக்கியமான செய்தி. தடை என்று ஒன்று இருந்தால்தான் மறுசுழற்சிக்கு முதல் போட ஆள் வருவார் என்று தொழிலுக்குள் இருப்பவர்களே உணர்ந்துவிட்டார்கள்.

இன்று பெரிய அளவில் நடந்துகொண்டிருக்கும் வழி சிமெண்டுச் சூளை. ஜெர்மனியின் லேகர்டோர்ஃப் சிமெண்டு ஆலை இதில் முன்னோடி. அமெரிக்காவில் 2020 இறுதியில் ஜி.இ. நிறுவனமும் வியோலியா நிறுவனமும் ஒப்பந்தம் போட்டு மிசூரியில் இறக்கைகளைத் துண்டாக்கிச் சிமெண்டு ஆலைகளுக்கு அனுப்பத் தொடங்கின. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் 1,450 டிகிரி சூட்டில் சேர்த்துச் சுட்டால் கிளிங்கர். அதற்கு வேண்டியது கால்சியம், சிலிக்கா, அலுமினா. கண்ணாடி இழையில் இருப்பவையும் அவையே. ஆகவே ரெசின் எரிந்து நிலக்கரியின் வேலையில் ஒரு பகுதியைச் செய்கிறது. கண்ணாடி கிளிங்கரில் கரைந்து சிமெண்டாகிவிடுகிறது. தனியே அள்ளிக் கொட்ட வேண்டிய சாம்பல் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. ஒரு கட்டுப்பாடு உண்டு. இழையிலுள்ள போரான் அளவுக்கு மீறினால் சிமெண்டு இறுகுவது தாமதமாகும். அதனால் அளவாகக் கலக்க வேண்டும். துண்டாக்கும் எந்திரத்தின் பற்களையும் கண்ணாடி விரைவில் மழுக்கிவிடும். அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

இதைக் கீழான மறுசுழற்சி என்று சொல்பவர்கள் உண்டு. அருமையான இழையைச் சுண்ணாம்புக்கல்லுக்குச் சமமாக்கிவிடுகிறோமே என்கிறார்கள். அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் நம் வட்டாரத்துக்கு இன்றைய நிலையில் இதுவே கைக்கு எட்டும் வழி என்று உறுதியாகச் சொல்வேன். முப்பந்தலிலிருந்து திருநெல்வேலி தாழையூத்துக்கு லாரியில் இரண்டு மணி நேரம். அங்கே சிமெண்டு ஆலை இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அரியலூரில் வரிசையாக இருக்கின்றன. ராம்கோ போன்ற சிமெண்டு நிறுவனங்கள் தாங்களே காற்றாலை உரிமையாளர்களும்கூட. இறக்கையும் சூளையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருக்கும் இடம் உலகில் அதிகம் இருக்காது. உருகாத பிளாஸ்டிக் கழிவைச் சிமெண்டுச் சூளையில் சேர்த்து எரிக்கலாம் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. கண்ணாடி இழைப் பொருட்களை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

அளவையும் பார்த்துவிடுவோம். ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 10 டன் இறக்கைப் பொருள் என்பது பொதுவான மதிப்பீடு. 10,000 மெகாவாட்டுக்கு ஒரு லட்சம் டன். அதுவும் ஒரே ஆண்டில் இறங்காது. ஒரு நடுத்தரச் சிமெண்டு ஆலையே ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் கல்லை விழுங்குகிறது. ஆகவே கொள்ளளவு ஒரு பிரச்சினையே இல்லை.

இன்னொரு நல்வாய்ப்பும் நமக்கு உண்டு. ஐரோப்பாவில் கழற்றிய நீளமான இறக்கையை ஊர்தியில் ஏற்றவே அங்கேயே அறுக்க வேண்டியிருக்கிறது. நமக்கு முதலில் இறங்கப் போபவை 12, 13 மீட்டர் நீளமுள்ள சிறிய இறக்கைகள். முழுதாகவே லாரியில் ஏறும். 50, 60 மீட்டர் இறக்கைகள் இறங்கும் காலம் வருவதற்குள் இந்தச் சிறியவற்றை வைத்துத் தொழிலைப் பழகிக்கொள்ளலாம்.

இனி வேதியியலாளர்களின் வழி. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் ட்ரோல்ஸ் ஸ்க்ருட்ஸ்ட்ரப் குழுவினர் 2023இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ருத்தேனியம் வினையூக்கியைக் கரைப்பானில் சேர்த்து 160 டிகிரி சூட்டில் வைத்தால், இறுகிய எப்பாக்சி வலை அறுந்து அதன் மூலப்பொருளான பிஸ்ஃபீனால்-ஏ திரும்பக் கிடைக்கிறது. இழையும் கெடாமல் வெளிவருகிறது. இறக்கைத் துண்டிலேயே செய்து காட்டினார்கள். வெந்தது மாவாகாது என்றேன். எப்பாக்சியைப் பொறுத்தவரை அந்த விதியை இவர்கள் அசைத்துவிட்டார்கள். ருத்தேனியத்தின் விலையும் வினை முடிய ஆகும் நாட்களும் இன்னும் தடையாக நிற்கின்றன. மறுபுறம், பிறக்கும்போதே பிரியத் தெரிந்த ரெசின்கள் வந்துவிட்டன. சீமன்ஸ் கமேசா 2022இல் ஜெர்மனியின் காஸ்காசி கடல் காற்றாலையில் நிறுத்திய இறக்கைகள், மிதமான சூட்டில் நீர்த்த அமிலத்தில் ஊறவைத்தால் ரெசினும் இழையும் தனித்தனியே வரும்படி செய்தவை. அதில் பயன்பட்ட ரெசின் தொழில்நுட்பம் நம் நாட்டு ஆதித்ய பிர்லா குழுமத்துடையது. பிரான்ஸ் நாட்டார் தலைமையில் நடந்த ‘ஜீப்ரா’ திட்டத்தில், உருகும் வகை ரெசினால் 62 மீட்டர் இறக்கை ஒன்றை ஸ்பெயினில் வார்த்தார்கள். இங்கே புதிதாக நிறுத்தப் போகும் எந்திரங்களுக்கு இத்தகைய இறக்கைகளைக் கேட்டு வாங்க முடியும். கேட்பவர் இருந்தால்தான் விற்பவர் கொண்டுவருவார்.

சூளைக்கும் அமிலத்துக்கும் போகுமுன், இறக்கையை இறக்கையாகவே வைத்துப் பயன்படுத்த முடியுமா? வலுவும் நீளமும்தான் அதன் செல்வம்; அறுக்க அறுக்க அது குறைகிறது. அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பழைய இறக்கைகளை இருபுறத் தாங்கிகளாக வைத்து 2022இல் நடைபாலம் கட்டினார்கள். அதற்குச் சில மாதம் முன்பு போலந்தின் ஷ்ப்ரோதாவா ஊரிலும் அப்படி ஒரு பாலம் வந்தது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் குழந்தைகள் விளையாட்டுத் திடல் ஒன்றே இறக்கைகளால் ஆனது. மின்கம்பமாக நிறுத்தலாமா என்று அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் பார்த்து வருகிறார்கள். 2018 கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்களை இழந்த மாநிலம் நம்முடையது. நாமும் அதை ஆராயலாம். நாஞ்சில் நாட்டுக் கால்வாய்களின் குறுக்கே நடைபாலமாக 13 மீட்டர் இறக்கை அளவெடுத்ததுபோலப் பொருந்தும் என்பது என் கருத்து. ஒரே எச்சரிக்கை: வெயிலில் பூச்சு போனால் கண்ணாடித் துகள் உதிரும். உப்பளம் போல உணவு விளையும் இடங்களில் வைக்கக் கூடாது. மற்ற இடங்களிலும் பூச்சைப் பராமரிக்க வேண்டும்.

இதைச் செய்ய ஆள் எங்கே என்று கேட்பீர்கள். குளச்சலிலிருந்து நாகப்பட்டினம் வரை கடற்கரையில் இருக்கிறார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகு பிடித்தது. கண்ணாடி இழை மேட் வெட்டி, ரெசின் தடவி, ஹார்டனர் அளவு பார்த்து ஒட்டத் தெரிந்த கைகள் ஊர்தோறும் உண்டு. அவர்களுடைய பழைய படகுகளும் இதே பொருள்தான். ஆயுள் முடிந்து கரையோரம் கிடப்பவற்றுக்கும் இதே தீர்வு வேண்டும். இறக்கைக்கென்று அமைக்கும் துண்டாக்கும் நிலையம் படகையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எப்பாக்சி இறக்கையின் மேல் பாலியெஸ்டர் ரெசின் சரியாகப் பிடிக்காது. எந்த இறக்கை எந்த ரெசின் என்பது தெரிந்தாக வேண்டும். பல பழைய எந்திரங்களின் தாள்கள் இரண்டு மூன்று கை மாறியதில் தொலைந்திருக்கும். இருக்கிறவற்றையாவது இன்றே தேடி எடுத்து வையுங்கள்.

அறுக்கும் தொழிலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடி இழைத் தூசி ஆஸ்பெஸ்டாஸ் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த வகை இழையைப் புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்தவில்லை. ஆனால் உடம்பெல்லாம் அரிக்கும், கண் எரியும். ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் பாய்ச்சி அறுக்க வேண்டும். துணியைக் கட்டிக்கொள்வது போதாது, முறையான முகக்கவசம் வேண்டும். திறந்த வெளியில் கொளுத்துவதை ஒருநாளும் அனுமதிக்கக் கூடாது.

காற்றாலையே வேண்டாம் என்பவர்கள் இந்த இறக்கைகளைக் காட்டிப் பேசுகிறார்கள். அவர்களுக்கு ஒரு கணக்கு. 2050 வரை உலகம் முழுவதும் சேரக்கூடிய இறக்கைக் கழிவு சுமார் 4.3 கோடி டன் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் மதிப்பிட்டார்கள். இந்திய அனல்மின் நிலையங்கள் ஒரே ஆண்டில் கொட்டும் சாம்பல் 20 கோடி டன்னுக்கு மேல். அந்தச் சாம்பல் கதையில் நமக்கு ஒரு பாடமும் இருக்கிறது. 1999இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டது. அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்பவர்கள் சாம்பலைக் கலந்தே ஆக வேண்டும் என்றது. பிறகு விதி மேலும் மேலும் இறுகியது. இன்று சாம்பல் செங்கல் இல்லாத ஊர் இல்லை. சாம்பல் கலந்த சிமெண்டு இல்லாத கடை இல்லை. வழி முன்பே தெரிந்திருந்தது. விதி வந்த பிறகே வேலை நடந்தது.

இறக்கைக்கும் அதையே கேட்கிறேன். பழைய எந்திரத்தை எடுத்துவிட்டுப் புதியதை நிறுத்த அனுமதி கேட்டு வருபவரிடம், இறக்கை எந்த ஆலைக்கு, எந்த வேலைக்குப் போகிறது என்று எழுதி வாங்கிய பிறகே அனுமதி கொடுங்கள். அதற்கான செலவை முன்பணமாகக் கட்டச் சொல்லுங்கள். இறக்கை போய்ச் சேர்ந்த சான்று வந்ததும் திருப்பிக் கொடுங்கள். ஓர் எந்திரம், இரண்டு எந்திரம் வைத்திருக்கும் சிறிய உரிமையாளர் தனியாக லாரி பிடிக்க முடியாது; முப்பந்தல் பக்கம் ஒன்று, பல்லடம் பக்கம் ஒன்று என்று சேகரிப்பு இடங்களை அரசே ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். புதிய இறக்கையோடு அதன் பொருள் விவரத் தாளும் கட்டாயம் வர வேண்டும்.

மாணவர்களே, நான் சொன்ன மின்சூளைச் சோதனையை உங்கள் ஆய்வுக்கூடத்திலேயே செய்யலாம். ஆரல்வாய்மொழியில் தரையில் கிடக்கும் இறக்கைகளில் உரிமையாளர்களின் ஒப்புதலோடு சிறு துண்டு எடுத்து வாருங்கள். எது எப்பாக்சி, எது பாலியெஸ்டர், எதில் எத்தனை விழுக்காடு இழை, எதன் வலு இன்னும் மிஞ்சியிருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியல் கையில் இருந்தால் சிமெண்டு ஆலைக்காரரிடமும் பாலம் கட்டுபவரிடமும் பேச முடியும். இந்த ஆண்டே தொடங்குங்கள். என்னால் ஆன உதவியைச் செய்யக் காத்திருக்கிறேன்.